மைனஸ் 45 டிகிரியில் பாஸான பைப், 290 டிகிரியில் என்ன செய்யும்?

அணு உலை பற்றிய பேச்சு சூடுபிடிக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கும். "அதெல்லாம் கெட்டி ஸ்டீல் பைப், உடையவே உடையாது" என்பது ஒன்று. "பைப்பில் விரிசலாமே, இனி வெடிக்க வேண்டியதுதான் பாக்கி" என்பது மற்றது. பலத்தையும் விரிசலைத் தாங்கும் குணத்தையும் இரு தரப்புமே ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கண்ணாடிக் கடையில் பார்த்திருப்பீர்கள். வைரமுனையால் ஒரே ஒரு கோடு, பிறகு லேசாக ஒரு தட்டு. பலகை கோட்டோடு விண்டுவிடும். கண்ணாடிக்குப் பலம் இல்லாமல் இல்லை. ஒரு கீறல் விழுந்தபின் அது மேலே ஓடாமல் தடுக்கும் குணம்தான் இல்லை. அந்தக் குணத்துக்குப் பெயர் ஃபிராக்சர் டஃப்னெஸ், தமிழில் முறிவுத் தாங்குதிறன் என்று வைத்துக்கொள்வோம். அணு உலைக் குழாயில் கேட்க வேண்டிய கேள்வி இதைப் பற்றியது. அதையும் "இந்த ஸ்டீலின் தாங்குதிறன் எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வெப்பத்தில், எந்தத் திசையில், பைப்பிலா வெல்டிலா, புதிதிலா முப்பது வருடம் கழித்தா என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தியக் கனநீர் உலைகளையே எடுத்துக்கொள்வோம். முதன்மைக் குளிர்விப்புச் சுற்றின் பெரிய குழாய்களுக்குப் பயன்படும் ஸ்டீல் எஸ்.ஏ. 333 கிரேடு 6 என்ற கார்பன் ஸ்டீல். வேடிக்கை என்னவென்றால், அந்த 333 என்பது குளிர்ந்த இடங்களில் ஓடும் குழாய்களுக்காக எழுதப்பட்ட ஸ்பெசிஃபிகேஷன். அதில் கேட்கும் சார்ப்பி சோதனை மைனஸ் 45 டிகிரியில் நடக்கும். 10 மி.மீ.க்கு 10 மி.மீ. துண்டில் 2 மி.மீ. ஆழ வி-வெட்டுப் போட்டு ஊசல் சுத்தியலால் அடிப்பார்கள். மூன்று துண்டுகளின் சராசரி 18 ஜூல் வந்தால் பாஸ். ஆனால் 220 மெகாவாட் உலையில் அந்தக் குழாய் வேலை செய்வது சுமார் 249 முதல் 293 டிகிரி வரை. குளிரில் நொறுங்காத ஸ்டீல் என்ற உத்தரவாதம் நல்லதுதான். சூட்டில் எப்படி நடக்கும் என்று அந்த 18 ஜூல் சொல்லாது.

"சூடானால் ஸ்டீல் இன்னும் இளகி நன்றாகத்தானே தாங்கும்?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கார்பன் ஸ்டீல் காலை வாரிவிடுகிறது. ஏறக்குறைய 150 முதல் 300 டிகிரி வரையான பட்டையில், ஸ்டீலுக்குள் கரைந்திருக்கும் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் வேகமாக நகரத் தொடங்கும். உலோகம் நெளிவதற்கு அதன் உள்ளே ஓட வேண்டிய டிஸ்லொகேஷன்களை, அதாவது அணு வரிசையில் உள்ள பிசகுகளை, அவை போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடி விடும், மறுபடி பிடிக்கும். இழுவிசைச் சோதனையின் வரைகோட்டில் இது ரம்பப் பல் போலத் தெரியும். பெயர் டைனமிக் ஸ்ட்ரெயின் ஏஜிங். பழைய பட்டறைக்காரர்கள் ஸ்டீல் நீலம் பாரிக்கும் சூட்டில் அடித்து வளைக்காதே என்று சொன்னதும் இதே காரணத்தால்தான்.

ஆபத்து எங்கே என்றால், இந்தப் பட்டையில் இழுவிசைப் பலம் அறை வெப்பத்தைவிடக் கூடவே வரும். ரிப்போர்ட்டில் பலம் மட்டும் பார்ப்பவர் "அட, சூட்டில் இன்னும் ஸ்ட்ராங் ஆகிறதே" என்று சந்தோஷப்படுவார். அதே சமயம் விரிசல் வளர்ச்சிக்கு எதிரான தடுப்பு குறைந்திருக்கும். அமெரிக்காவில் 1980களில் முழு அளவு குழாய்களை உலை வெப்பத்தில் வளைத்துப் பார்த்தபோது, சில கார்பன் ஸ்டீல் குழாய்களில் விரிசல் நிதானமாகக் கிழியாமல் திடீர் திடீரென்று தாவியது. பலம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எண்ணுவது, என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இன்னும் சாகாத மூடநம்பிக்கை.

சரியான எண் எப்படிக் கிடைக்கும்? பைப்பிலிருந்தே சி.டி. மாதிரி வெட்டுவார்கள், இரண்டு துளையும் நடுவில் ஒரு வெட்டும் உள்ள சதுரத் துண்டு. பாடப்புத்தக மாதிரிக்கு 25 மி.மீ. தடிமன். 15 மி.மீ. சுவருள்ள வளைந்த குழாயிலிருந்து அதை எடுக்க வழியில்லை. கிடைக்கும் தடிமனோடுதான் வேலை. வெட்டின் நுனியில் குறைந்த சுமையை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கி, முடி போன்ற உண்மையான ஃபெடீக் விரிசலை மாதிரி அகலத்தில் ஏறக்குறைய பாதி வரை வளர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு மெஷின் வெட்டோடேயே சோதித்தால் நுனி மழுங்கலாக இருக்கும், மதிப்பு பொய்யாக உயர்ந்து வரும். பிறகு இரு பக்கமும் பத்துப் பத்து சதவீதம் பள்ளம் போட்டு, உலை வெப்பத்தில் வைத்து, மெதுவாக இழுத்து, இடையிடையே சுமையைக் கொஞ்சம் தளர்த்தி விரிசல் எவ்வளவு நீண்டது என்று கணக்கிடுவார்கள். கிடைப்பது ஒற்றை எண் அல்ல. விரிசல் நீள நீள ஸ்டீல் எவ்வளவு எதிர்க்கிறது என்ற ஜே-ஆர் வளைவு. கடைசியில் துண்டைப் பிளந்து ஒன்பது இடங்களில் விரிசல் நீளத்தை அளந்து, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் அந்த வளைவைத் தூக்கிப்போட வேண்டியதுதான், பெயருக்கு ஒரு திருத்தக் காரணியைப் பெருக்கி ஒப்பேற்றக் கூடாது.

துண்டை எந்தப் பக்கமாக வெட்டினார்கள் என்பதும் முக்கியம். பைப்பை உருட்டி இழுக்கும்போது மாங்கனீஸ் சல்ஃபைடு இழைகள் நீளவாக்கில் நீண்டுவிடும். குழாயைச் சுற்றி ஓடும் விரிசல் அந்த இழைகளைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். நீளவாக்கில் ஓடும் விரிசலுக்கோ விறகு பிளப்பது போல வழி தயாராக இருக்கும். ஒரே பைப், இரண்டு மதிப்பு. கந்தகத்தை வரம்புக்கு வெகு கீழே கேட்டு வாங்குவதன் காரணம் இதுதான்.

பைப்பாவது பரவாயில்லை. குழாய்ச் சுற்றின் பலவீனம் பெரும்பாலும் வெல்டில்தான். துருப்பிடிக்காத ஸ்டீலில் இது அப்பட்டமாகத் தெரியும். ஃபிளக்ஸ் இல்லாமல் வாயுப் பாதுகாப்பில் செய்யும் டிக் வெல்ட் என்றால் ஏறக்குறைய பைப்புக்குச் சமமாகவே தாங்கும். ஃபிளக்ஸ் போட்டுச் செய்யும் வெல்டுகளில், அதாவது ஸ்டிக் எலெக்ட்ரோடு, சப்மெர்ஜ்டு ஆர்க் இரண்டிலும், நுண்ணிய சிலிக்கேட் துணுக்குகள் உள்ளே தங்கி தாங்குதிறனை இறக்கிவிடும். இதனால்தான் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதித்தொகுப்பில் பதினொன்றாம் பிரிவு இசட் காரணி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 24 அங்குலக் குழாய்க்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்டிக் வெல்டுக்குச் சுமார் 1.45, சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டுக்கு 1.56. கணக்கில் வரும் சுமையை இத்தனை மடங்காக்கித்தான் விரிசலை அனுமதிக்கலாமா என்று பார்க்க வேண்டும். டிக் வெல்டுக்கு இந்தத் தண்டனை இல்லை. வெல்டிங் முறை என்ன என்று ரெக்கார்டில் எழுதாமல் விட்டால் பின்னால் வருபவர் மோசமானதையே வைத்துக் கணக்குப் போட வேண்டி வரும்.

இத்தனை மெனக்கெடலும் "முதலில் கசியும், பிறகுதான் உடையும்" என்ற வாதத்துக்காக. ஸ்டீல் போதுமான அளவு தாங்கினால், சுவரைத் துளைத்த விரிசலும் உடனே குழாயைத் துண்டாக்காது. தண்ணீர் கசியும், கருவி காட்டும், உலையை நிறுத்திவிடலாம். அமெரிக்கா 1987இல் விதியைத் திருத்தி இதை ஏற்றது. குழாய் அறுந்து சாட்டை போல வீசாமலிருக்கப் பொருத்திய ராட்சதத் தடுப்புகளை, இதை நிரூபித்தால் கழற்றலாம். அந்தத் தடுப்புகள் வெல்டை மறைத்து ஆய்வுக்கே இடைஞ்சலாக இருந்ததால் நியாயமான முடிவுதான். நிபந்தனைகளும் கறாரானவை. கருவி நிமிடத்துக்கு 3.8 லிட்டர் கசிவைப் பிடிக்கும் என்றால், 38 லிட்டர் கசியவிடும் நீளத்துக்கு விரிசலை வைத்துக் கணக்குப் போட வேண்டும். நிலநடுக்கச் சுமையும் சேர்ந்தால் குழாயை உடைக்கக்கூடிய விரிசல், அதைப்போல் குறைந்தது இரு மடங்கு நீளமாக இருக்க வேண்டும்.

நம் கனநீர் உலைகளுக்காக, பாபா அணு ஆராய்ச்சி மையம் சென்னையின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தோடு (எஸ்.இ.ஆர்.சி.) சேர்ந்து முழு அளவு பைப்புகளையும் எல்போக்களையும் விரிசலோடு வளைத்துச் சோதித்தது. ஒரே திசையில் வளைக்கும்போது நன்றாகத் தாங்கும் விரிசல், நிலநடுக்கம் போல முன்னும் பின்னும் ஆட்டும்போது குறைந்த சுமையிலேயே கைவிடும் என்பது இவ்வகைச் சோதனைகளின் பெரிய பாடம். திரும்பும் ஒவ்வொரு முறையும் விரிசல் நுனி நசுங்கி மறுபடி கூர்மையாகிவிடுகிறது.

இந்த வாதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகள். 2000 அக்டோபரில் அமெரிக்காவின் வி.சி. சம்மர் நிலையத்தை நிறுத்தி உள்ளே போனபோது, உலையிலிருந்து சூடான நீர் வெளியேறும் ஹாட் லெக் குழாயின் வெல்டுக்கு அருகே, கசிந்த குளிர்விப்பு நீர் விட்டுச்சென்ற போரான் படிவு சுமார் 90 கிலோ குவிந்துகிடந்தது. சுவர் முழுக்கத் துளைத்த விரிசல். கசிவோ அனுமதித்த வரம்புக்குள்ளேயே இருந்துவிட்டது. வாதம் சொன்னபடி கசியத்தான் செய்தது. கருவி கூப்பாடு போடும் அளவுக்குக் கசியவில்லை, அவ்வளவுதான். குழாயை இரண்டாக அறுக்காத நீளவாக்கு விரிசலாக அமைந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்து பிரான்சின் பென்லி 1 உலை, 2023. 27 மி.மீ. சுவரில் 23 மி.மீ. ஆழம், 155 மி.மீ. நீளம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கட்டும்போது இரண்டு முறை ரிப்பேர் செய்யப்பட்ட வெல்ட் அது. ரிப்பேர் வெல்ட் உலோகத்துக்குள் விட்டுவைத்த எஞ்சிய இழுவிசை அரிப்பு விரிசலுக்குத் தீனி போட்டது. மீதி 4 மி.மீ.யில் குழாய் நின்றதற்கு ஆஸ்டெனிடிக் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலின் தாங்குதிறனுக்கு நன்றி சொல்லலாம். கண்டுபிடித்தது கசிவுக் கருவி அல்ல, ஆய்வு.

சுவரே தேய்ந்துபோனால் எந்தத் தாங்குதிறனும் உதவாது. ஜப்பானின் மிஹாமா 3இல் 2004 ஆகஸ்ட் 9 அன்று வெடித்தது இரண்டாம் சுற்றுக் குழாய். ஓட்டத்தை அளக்க வைத்த துளைத் தகட்டுக்கு (ஆரிஃபிஸ்) பின்னால் நீரோட்டம் அரித்து அரித்து, 10 மி.மீ. சுவர் மெலிந்த இடத்தில் 0.4 மி.மீ. ஆகியிருந்தது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். 1976இல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடம் ஆய்வுப் பட்டியலில் ஏறவே இல்லை. இப்படி அரிபடும் குழாய்களுக்குக் கசிவு வாதம் செல்லாது என்று விதியே விலக்கி வைத்திருக்கிறது.

வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்போ, பம்ப் உறைகள் தனி ரகம். அவற்றிலுள்ள ஃபெரைட் என்ற படிக வகைப் பகுதி 300 டிகிரி அருகில் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள் பிரிந்து நொறுங்கும் குணம் பெறும். மாலிப்டினம் கலந்த சி.எஃப். 8எம் இதில் மோசம். இந்த ரகத்தை அச்சைச் சுழற்றாமல் வார்த்திருந்தால், ஃபெரைட் 14 சதவீதம் தாண்டினால் கவனிக்க வேண்டியது என்பது அமெரிக்க அளவுகோல். பெரிய படிக மணிகள் கொண்ட வார்ப்பில் அல்ட்ராசோனிக் ஒலி சிதறிப்போவதால், ஆய்வுக்குக் கடினமான இடமே வயதாகும் இடமாகவும் இருக்கிறது.

ஆகவே புதிய உலைக்குக் குழாய் பதிக்கும்போதே ஒன்று செய்யலாம் என்பது என் கருத்து. ஒரே உருக்கில் வந்த அதே ஹீட் நம்பர் பைப், அதே எலெக்ட்ரோடு பேட்ச், அதே வெல்டர், அதே ப்ரொசீஜர். கூடுதலாக ஒரு 300 மி.மீ. வளையம் வெல்ட் செய்து, நம்பர் குத்தி ஸ்டோரில் வைத்துவிடுவது. கிரேஸ் தடவிய அந்த வளையம் பிடிக்கும் இடம் ஒரு ரேக். இருபத்தைந்து வருடம் கழித்து ஆயுள் நீட்டிப்புக்கு மனுப் போடும்போது, அதிலிருந்து சி.டி. மாதிரி வெட்டி 290 டிகிரியில் இழுத்துப் பார்க்கலாம். வளையம் இல்லாவிட்டால் பழைய சர்டிஃபிகேட்டில் இருக்கும் மைனஸ் 45 டிகிரி எண்ணைத்தான் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும்.