அந்த அக்கா வந்தது வீட்டு வேலைக்கு அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வயதானவர்களை அவரவர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் அக்காமார்களை நாம் நடத்தும் விதம் சரியில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் இந்தச் சேவையை நடத்துபவர், அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். ஒருவர் முன்பு ஆயக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், பிள்ளை பார்த்தவர். இன்னொருவர் செம்பனைக் காட்டில் உரம் போட்டவர். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவரும் உண்டு. பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்ட வீடுகளுக்குக் காலையில் மோட்டாரில் வந்து இறங்குவது இவர்கள்தான்.

என் தாத்தாவுக்கு மறதி நோய். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர். விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக்கு (வேலைக்குமுன் பேர் கொடுக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது, கத்தி எங்கே, வாளி எங்கே என்று கதவைத் தள்ளுவார். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம்தான் ஏறும். இரவுக்கு வந்திருந்த அக்கா ஒரு நாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி நல்ல மழை தாத்தா, மரமெல்லாம் ஈரம். இன்னிக்கு வெட்டு இல்லையாம்" என்றார். தாத்தா தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் ஒருவருக்கு அந்தப் பதில் வாயில் வந்திருக்காது.

கைவேலையும் லேசுப்பட்டதல்ல. படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பக்கவாதம் வந்தவருக்குத் தலையை உயர்த்தி வைத்து, விழுங்கினாரா என்று பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். கஞ்சி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவருக்குத் தினமும் கால்விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும். அவருக்கே வலி தெரியாமல் புண் வளர்ந்திருக்கும்.

இவ்வளவும் செய்கிறவரிடம்தான், "அப்படியே இந்தத் துணியையும் துவைச்சுப் போட்டுடுங்க" என்கிறோம். அப்புறம் மீன் கழுவுவது, பேரப்பிள்ளைக்கு மீ கோரெங் கிளறுவது, வாசல் கூட்டுவது. அவர் அங்கே துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது பாட்டி இங்கே ஒரே பக்கமாகக் கிடக்கிறார். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

சட்டத்தின் கண்ணிலும் இவர்கள் சரியாகப் படவில்லை. 1993-இல் வந்த பராமரிப்பு மையச் சட்டமும், 2018-இல் வந்த தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டமும் இல்லங்களையும் மையங்களையும் பற்றியவை. வீட்டுக்கு வந்து போகிறவர் அதற்குள் அடங்குவதில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. வீட்டுப் பணியாளர்களுக்கு அது கிடையாது. ஒரு குடும்பம் நேரடியாக ஆள் வைத்தால் அவரும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் விழுவார். வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ மட்டும் 2021 ஜூனிலிருந்து வீட்டுப் பணியாளர்களுக்கும் உண்டு. எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? கனமானவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், அந்த அக்காவின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

பணம் இல்லை என்பீர்கள். தெரியும், தோட்டத்தில் உழைத்தவர்களின் சேமிப்பு எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஆனால் துணி துவைக்கச் சொல்லாமல் இருப்பதற்குக் காசு வேண்டாம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் சம்பளம் என்று முதல் நாளே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். நேரடியாக வேலைக்கு வைத்திருந்தால் இந்த மாதமே சொக்சோவில் பதியுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு ஓய்வு வேண்டும். அன்றைக்கு அம்மாவை யார் பார்ப்பது என்பதை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் உட்கார்ந்து பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள், ஈப்போவில் இருக்கும் மகனும் சேர்த்துத்தான்.