பல்லியின் மேல் பழி போட்டது போதும்

பல்லி விவகாரம் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது; ஆகவே முழுக் கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் சுருக்கம்: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது; அதை இயக்கும் போர்டில், அதாவது மின்னணுப் பலகையில், பல்லி விழுந்துவிட்டது, இனி சரிசெய்ய முடியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. சனிக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும், "விடுங்க சார், புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று அன்போடு அறிவுரை சொன்னவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, காய்ந்து சருகாகிக் கிடந்த பல்லியைப் பல கோணங்களில் செல்போனில் படம் எடுத்து, கொலை வழக்கின் தடயம் போலக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்த சர்வீஸ்காரரைப் பார்த்து நானும்தான் சிரித்தேன். அறிவுரைதான் உறுத்துகிறது. புதியது வாங்க வழியில்லாமல் நான் புலம்புவதாக எடுத்துக்கொண்டீர்கள். நான் சொன்னது வேறு. என் வீட்டுப் பொருளை எப்போது மாற்றுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். விற்றவர்கள் முடிவு செய்யக் கூடாது.

அந்த ஃபிரிட்ஜின் கதவில் '10 ஆண்டு வாரண்டி' என்று பொன்னிற எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இன்னும் பளபளத்துக்கொண்டிருக்கிறது. பத்து ஆண்டு என்பது கம்ப்ரஸருக்கு மட்டும்தான், அதை இயக்கும் போர்டுக்கு ஒரே ஒரு ஆண்டுதான் என்பது வாரண்டி அட்டையில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. என்னுடையதைப் போன்ற இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடுவதில்லை. வரும் மின்சாரத்தை அந்தப் போர்டு நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு தேவைக்கேற்றபடி மீண்டும் மாறுமின்சாரமாக்கிக் கொடுத்தால்தான் கம்ப்ரஸர் வேகம் கூடியும் குறைந்தும் சுற்றும். போர்டு செத்துவிட்டால், பத்து ஆண்டு உத்தரவாதம் பெற்ற அந்தக் கம்ப்ரஸர் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. தேருக்குப் பத்து ஆண்டு, அச்சாணிக்கு ஓர் ஆண்டு என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஊர்க்காரராவது அந்தத் தேரை வாங்குவாரா? நாம் வாங்குகிறோம்; ஸ்டிக்கர் பளபளப்பாக இருக்கிறது அல்லவா.

போர்டின் வாரண்டி முடிந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். அதற்கு வந்த பதில்: "சாரே, ஈ மாடல் ஸ்டாப்பாயி. போர்டு வரில்லா. எக்ஸ்சேஞ்ச் நோக்கிக்கோ." அதாவது, இந்த மாடல் நின்றுபோயிற்று, போர்டு வராது, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கப் பாருங்கள். வாங்கி ஐந்து ஆண்டு ஆகாத பெட்டி. கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, கதவு ரப்பர் நன்றாக இருக்கிறது, உள்ளே ஒரு தட்டுக்கூட உடையவில்லை. உள்ளங்கை அகலப் பலகை ஒன்று கிடைக்காததால் முழுப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டுமாம். அதற்குப் பல்லி காரணமாம். பல்லி இல்லாத வீடு பாலக்காட்டிலும் இல்லை, பொள்ளாச்சியிலும் இல்லை. இந்த நாட்டில் பொருள் விற்க வருகிறவர்களுக்கு இது தெரியாதா? காற்றுத் துளைகளுக்குப் பின்னால் ஒரு துண்டு வலை ஒட்ட எவ்வளவு செலவாகும்? பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன் என்று போட்டிருக்கிறார்கள். போர்டில் விழுந்தால் பொருள் விரயம் என்றும் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம்.

எல்லைக்கு அப்பால் இருக்கும் நண்பர்களுக்கு எங்கள் ஊர்ச் சங்கடம் புரியாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சியில் கடைவீதி என்பது எங்களுக்குத் தலைமுறைப் பழக்கம். கல்யாணப் புடவை முதல் கிரைண்டர் கல் வரை அங்கேதான் வாங்குவோம். ஆனால் பில் தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில் என்றவுடன் கம்பெனியின் கணினிக்குத் தலை சுற்றிவிடுகிறது. பின்கோடு 678 என்று தொடங்குவதால் பொள்ளாச்சி சர்வீஸ் சென்டர் 'எங்கள் ஏரியா இல்லை' என்கிறது. பாலக்காட்டுக்காரரோ 'வாங்கிய கடையில் கேளுங்கள்' என்கிறார். விற்கும்போது இல்லாத எல்லை, பழுதானவுடன் எங்கிருந்து முளைக்கிறது? ஆழியாற்றுத் தண்ணீருக்கு இரு மாநிலங்களும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, மணக்கடவு வழியாகப் பாலக்காட்டுச் சித்தூருக்கு ஆண்டுக்கு இத்தனை டி.எம்.சி. என்று ஒப்பந்தம் போட முடிந்திருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ் போர்டுக்கு எல்லை தாண்ட வழியில்லை.

என்னைப் பழமைவாதி என்று சொல்கிறவர்களுக்கு என் அப்பாவின் ஆல்வின் ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் தயாரான அந்தப் பெட்டி எண்பதுகளில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் ஃபிரிட்ஜ். ஐஸ் கட்டி கேட்டு வாசலில் கிண்ணத்தோடு நின்ற பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குள் இருந்ததெல்லாம் குளிரைக் கட்டுப்படுத்தும் ஒரு தெர்மோஸ்டாட், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ஒரு ரிலே, ஓவர்லோடு ஆகும்போது சுற்றை அறுக்கும் ஒரு சிறு வில்லை. எது போனாலும் சித்தூர்க் கடைத்தெருவில் கிடைக்கும். மெக்கானிக் டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டுப் போவார். அதையும் ஒருநாள் கொடுத்துவிட்டோம், அழவில்லை. அதில் குளிரூட்டுவதற்காக இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியாவும் 2010 தொடக்கத்தோடு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. காஸ் நிரப்ப வழியில்லாமல் மாற்றினோம். அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் சொன்னால் நான் மாறுவேன். காரணமே இல்லாமல், அல்லது பல்லியைக் காரணமாகக் காட்டி, என்னை மாறச் சொன்னால்தான் மாறமாட்டேன்.

மின்சாரம் மிச்சமாகுமே என்று கேட்பீர்கள். ஆகும். புதிய ஸ்டார் மதிப்பீட்டுப் பெட்டிகள் குறைவாகவே இழுக்கின்றன. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் கூடிய விலை என்பதால், தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டைப் போல இத்தனை யூனிட் இலவசம் என்ற சௌகரியம் எங்களுக்கு இல்லாததால், எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனால் என் பெட்டியே இன்வெர்ட்டர் பெட்டிதானே? மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தானே அதிக விலை கொடுத்து இதை வாங்கினேன்? மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஐந்தாம் ஆண்டிலேயே புதுப் பெட்டிக்குப் போகும் என்றால் அது யாருக்கு மிச்சம்?

வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் மீதமுள்ள கம்ப்ரஸர் வாரண்டி போய்விடும் என்றும் ஒருவர் எச்சரிப்பார். போகட்டும். ஓட்டுவதற்குப் போர்டு தரமாட்டேன் என்கிறவரின் கம்ப்ரஸர் வாரண்டியை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதா?

எல்லையோர வேலந்தாவளத்தில் ஒரு தம்பி போர்டு வேலை செய்கிறார். ஆஸ்பத்திரி வார்டு போல வரிசையாகப் போர்டுகள் கிடக்கும் மேசையில் என்னுடையதை வைத்து, கரி பிடித்த இடத்தைத் தின்னர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, உப்பிப் போன ஒரு கெபாசிட்டரையும் வெடித்திருந்த ஒரு ஐ.சி.யையும் எடுத்து வேறு போட்டார். பிறகு நேராக மின்சாரம் கொடுக்காமல், பழைய குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில், அதாவது மின்சாரம் அதன் வழியாகவே போர்டுக்குப் போகும்படி, இணைத்து ஸ்விட்சைப் போட்டார். ஷார்ட் இன்னும் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், சரியாகிவிட்டால் ஒரு நொடி மின்னி அடங்கும் என்று எனக்குப் பாடம் சொன்னார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தியவன் நான்; அன்றைக்கு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பல்பு மின்னியது, அடங்கியது. காற்றுத் துளைக்குக் கொசுவலையும் அவரே ஒட்டிக் கொடுத்தார். அவர் வாங்கிய கூலி, கடைக்காரர் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே கூசும் அளவுக்குச் சிறியது. 'சரிசெய்ய முடியாது' என்று எழுதிக் கொடுத்த கம்பெனியில் இந்தத் தம்பிக்குத் தெரிந்தது தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்று நம்பச் சொல்கிறீர்களா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ் மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டு தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கதவு ரப்பரை 10 ஆண்டு கொடுக்க வேண்டும். கேட்டால் 15 வேலைநாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அங்கே பொருள் விற்கும் பெரிய கம்பெனிகள் பலவும்தான் இங்கேயும் விற்கின்றன. நம் அரசும் 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்லதுதான், யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரம் அதில் கிடைக்கிறது. ஆனால் விவரம் போர்டாகாது. இத்தனை ஆண்டு உதிரிபாகம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் எந்தப் பல்லியும் இந்த வழக்கில் சிக்கியிருக்காது.

இதே மாதத்தில்தான் வீட்டு இன்டர்நெட் சங்கதியும் நடந்தது. இரண்டும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு பக்கமாகத் தெரிகின்றன. ஃபிரிட்ஜ்காரர் மாறு மாறு என்று என்னைத் தள்ளுகிறார். இன்டர்நெட்காரர் மாறாதே என்று காலைப் பிடித்து இழுக்கிறார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக இணைப்புக் கொடுத்தபோது இன்ஸ்டலேஷன் இலவசம், ரவுட்டர் இலவசம், முதல் சில மாதங்களுக்குக் குறைந்த கட்டணம். கொரோனா காலத்திலிருந்து ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காத எனக்குக் கட்டண உயர்வு. இணைப்பை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன மறுநிமிடம், அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு குறைந்த பிளான் அவர்கள் கணினியில் திடீரென்று தென்பட்டது. அதை நேற்றே ஏன் தரவில்லை என்று கேட்டதற்கு "சார் கேக்கலையே" என்றார் கம்பெனி சார்பில் பேசிய பெண். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்கள்தான் இங்கே ஏமாளி என்று அந்தத் தாளை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி செல்போனுக்கு 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுதும் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும் அதே எண் என்பது 2015 ஜூலை 3 முதல். எங்கள் ஊரில் இதன் அருமை தெரியாதவர்கள் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தால் கேரள டவர், கொல்லைப்புறம் போனால் தமிழ்நாட்டு டவர், மாடு கட்டப் போனவருக்கு ரோமிங் கட்டணம் என்று நாங்கள் வாழ்ந்திருக்கிறோம். அந்த வசதியைக் கம்பெனிகள் மனமிரங்கித் தரவில்லை. விதி வந்தது, தந்தார்கள். 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மாறுவதற்கான குறியீட்டு எண் வந்துவிடுகிறது, போகாதே என்று கெஞ்சுபவரிடம் பேச வேண்டியதே இல்லை. வீட்டு இன்டர்நெட்டுக்கு அப்படி ஒரு குறுஞ்செய்தி ஏன் இல்லை? டி.டி.எச். பெட்டி எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-லேயே பரிந்துரை செய்தது. பரண் மேல் கிடக்கும் என் பழைய பெட்டிகளைப் போய்ப் பாருங்கள், அந்தப் பரிந்துரையின் கதி தெரியும்.

இப்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை கேட்கத்தான் கடைக்குப் போனேன். "ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கு, இப்ப வாங்கினா லாபம்" என்றார் அங்கிருந்தவர். 2025 செப்டம்பர் 22-இல் குறைந்தது ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும்தான், ஃபிரிட்ஜுக்கு 2018 ஜூலையிலிருந்தே 18 சதவீதம்தான் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. பிறகு, கடையில் நின்றிருந்த நாலு பேர் காதில் விழும்படி, "பென்ஷன்காரங்களுக்குத் தனியா இ.எம்.ஐ. இருக்குதுங்க சார், கூச்சப்படாதீங்க" என்றார். அந்த நாலு பேரில் ஒருவர் என் பழைய மாணவர். தலையைக் குனிந்துகொண்டார். சரிசெய்து பயன்படுத்த விரும்புகிறவன் கையில் காசில்லாதவன் என்று எப்போதிருந்து ஆனது? காசு இருப்பவன் கணக்குக் கேட்கக் கூடாதா? என் வீட்டிலேயே "ஊர்ல யாரு இப்படிப் போர்டைத் தூக்கிக்கிட்டு அலையறா" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் இன்று அதே ஃபிரிட்ஜிலிருந்து தயிர் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

'ஓடத்தான் தொடங்கிவிட்டதே, இனி எதற்கு இந்தப் பதிவு' என்பவர்களுக்கு: வேலந்தாவளத்துத் தம்பி இல்லாத ஊர்களில் என்ன செய்வார்கள்? கம்பெனியின் எண்ணில் மலையாளம், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எனக்கு மலையாளம் வரும், என் அத்தைக்கு வராது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தமிழிலேயே பேச முடிந்தது, புகாரையும் பதிந்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனி அனுப்பிய பதில் ஓர் எக்ஸ்சேஞ்ச் கூப்பன். புகார் தீர்ந்ததாம்.

ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் பொள்ளாச்சி பில்லை வைத்துக்கொண்டு பாலக்காட்டிலேயே கொடுக்க முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. மனுவைத் திருத்திக் கொடுத்த வக்கீல் நண்பர், "ரீப்ளேஸ்மென்ட் கேக்கலியா சார்?" என்று கேட்டார். கேட்கவில்லை. போர்டுக்கு நான் கொடுத்த கூலி, கடையில் பட்ட அவமானத்துக்கு ஒரு தொகை, அந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு போர்டு வைத்திருந்தார்கள் என்று எழுத்தில் ஒரு பதில். இவ்வளவுதான் மனுவில் இருக்கிறது. இதற்கும் கீழே 'புதுசு வாங்குங்க' என்று எழுத வருகிறவர்கள், அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிவிட்டுப் போகவும்.