அளந்து பார்த்தீர்களா சார்?

விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோயைப் பற்றி ஒரு டாக்டர் மேடையில் பேசிய அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட்டு அவருக்கு இன்னும் நாலு வியூஸ் வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை. ஏசி அரங்கம், மேசையில் பூங்கொத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில். "கிராமத்து ஜனங்களுக்குத் தண்ணி குடிக்கவே தெரியல. உடம்பு வலின்னா கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்குவாங்க. கிட்னி போனதும் மண்ணு, தண்ணின்னு ஆராய்ச்சி பண்ணணுமாம். விழிப்புணர்வு போதும்." அரங்கமே சிரிக்கிறது. அவர் பேசியதைக்கூட விடலாம், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒரே கேள்விதான். அளந்து பார்த்தீர்களா சார்? அந்த ஊர் போர்வெல் தண்ணீரை, அந்த வயல் வெயிலை, அவர்கள் அடிக்கிற மருந்தை?

நான் டாக்டர் இல்லை என்று கமெண்ட்டில் ஞாபகப்படுத்தப் போகிறவர்களுக்கு: எனக்கே தெரியும். அம்பத்தூரில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்காரர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். டிடிஎஸ் கொஞ்சம் ஏறியிருந்தால் அன்றைக்கு அவர்கள் வாட்ஸப் குழுவில் குருக்ஷேத்திரம். அந்த டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மொத்தமாகச் சொல்லும், அவ்வளவுதான். ஃப்ளோரைடு, ஆர்செனிக், காட்மியம், பூச்சிமருந்து எச்சம் எதுவும் அதில் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை, தனிக் கட்டணம். எல்லாவற்றையும் பார்ப்பதென்றால் ஒரு கூலியாளின் ஒரு வாரச் சம்பளம் காலி. அதைக் கட்டிச் சோதித்துப் பார்க்க ஒரு களையெடுக்கும் அம்மா எங்கள் கவுண்டருக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இது ஏதோ நான் கிளப்பிவிடும் பீதியும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் முன்னின்று தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைப் பரிசோதித்தார்கள். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டவில்லை. குறை தெரிந்தவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அதில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வழக்கமான காரணம் எதுவும் இல்லை. இந்த ஆய்வு நடந்தது இதே ஊர் டாக்டர்களால்தான். மேடையில் இருந்தவர் படிக்கவில்லை போல. பிசியாக இருந்திருப்பார்.

என் சித்தப்பாவும் அந்தப் பாதிப்பேரைப் போலத்தான். செய்யாறு பக்கம், நெல்லும் மல்லாட்டையும். சென்னைக்கு அழைத்து வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். முதல் கேள்வியே "தண்ணி போடுவீங்களா?" இல்லை என்றார். டாக்டர் சித்தி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, நிஜமாவா?" என்றார். பீடிகூடத் தொடாத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறீர்கள், மருந்து அடிக்கும்போது மூக்கில் என்ன கட்டுவீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஃபைலில் "காரணம் தெரியவில்லை". கேட்டால்தானே தெரியும்?

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சித்தி ஒரு பழைய கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். குடிக்கிற நீரைக் கிட்னி வெளியேற்றாது என்பதால் ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான் தண்ணீர். கத்தரி வெயிலில் மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். அப்புறம் சாயங்காலம் வரை ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு திண்ணையில் கிடப்பார். இவருக்குத்தான் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லையாம்.

"வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது உண்மைதானே?" சரி, கெடுக்கும். யார் இல்லை என்றது? நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டால் இடுப்பு வலிக்கும், வலித்தால் மாத்திரை போடுவார்கள். அதையும் சேர்த்து அளங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"அப்போ உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்கிறாயா?" இல்லை ஐயா. இலங்கையைப் பாருங்கள். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் 1990களிலிருந்தே விவசாயிகளுக்கு இதே நோய். அதுதான் காரணம் என்று சந்தேகப்பட்டு 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள். ஆனால் இதுதான் காரணம் என்று ஒன்றை இன்றுவரை அறுதியாகச் சொல்ல முடியவில்லை. அளக்காமல் விவசாயியைக் குற்றவாளியாக்குவதும் தப்பு, அளந்து முடிப்பதற்குள் ஒரு மருந்தைக் குற்றவாளியாக்குவதும் தப்பு. இயற்கை விவசாய நண்பர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"டயாலிசிஸ்தான் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாச்சே?" ஆமாம், அதனால்தான் சித்தப்பா உயிரோடு இருக்கிறார், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் டயாலிசிஸ் காரணத்தைக் கண்டுபிடிக்காது. ஆந்திராவில், இதே நோய் பரவலாக இருக்கும் உத்தானம் பகுதிக்காகப் பலாசாவில் 2023இல் சிறுநீரக ஆஸ்பத்திரியோடு ஆராய்ச்சி மையத்தையும் சேர்த்தே திறந்தார்கள். நமக்கு அது தோன்றவில்லையா? டயாலிசிஸ் மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், ஃபோட்டோ எடுக்கலாம். போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபிள் ஒட்டுவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

இதே சென்னைதான் ஒரு காலத்தில் வழி காட்டியது. 1937இல் இங்கிருந்த மருத்துவர்கள் மதராஸ் மாகாணக் கிராமங்களில் முதுகெலும்பு விறைத்துப்போன ஜனங்களைப் பார்த்துவிட்டு, காரணம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு என்று எழுதினார்கள். அந்தக் குழுவில் ஒருவர்தான் பார்னார்டு. அரசு பொது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கப் போனவர்கள் பார்னார்டு கதிரியக்கவியல் நிலையம் என்று அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் "ஜனங்களுக்கு நிமிர்ந்து நிற்கத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

வெயில் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எல் சால்வடார், நிகரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் இப்படித்தான் சிறுநீரகம் போனது. கொளுத்தும் வெயிலில் இடைவிடாத கடும் உழைப்பு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். இங்கே போரூர் ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நம் உப்பளங்களில் அளந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைவு. உப்பளத்துப் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை தெரியுமா? குடித்தால் ஒதுங்க இடமில்லை. கழிப்பறை கிடையாது. இதற்கு எந்த மேடையில் என்ன விழிப்புணர்வு தருவீர்கள்? அந்த அரங்கத்தில் சிரித்த பெண்களைக் கேட்கிறேன், உங்கள் ஆபீஸில் ஒரு நாள் ரெஸ்ட்ரூமைப் பூட்டினால் சும்மா இருப்பீர்களா?

"அவர் நல்ல டாக்டர், ஒரு வரியை வைத்து அடிக்காதே" என்று மூன்று பேர் இன்பாக்ஸில் வந்துவிட்டார்கள். நல்ல டாக்டராகவே இருக்கட்டும். அவர் செய்யாறுக்கு வரட்டும், பாட்டில் நான் கொண்டு வருகிறேன், சோதனைக் கட்டணத்தையும் நானே கட்டுகிறேன். தர்பூசணி சாப்பிடச் சொல்லியும் வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கச் சொல்லியும் கமெண்ட் போடுகிறவர்களை மட்டும் முன்னறிவிப்பு இல்லாமல் பிளாக் செய்வேன். டயாலிசிஸ் ஆளுக்கு அவற்றில் இருக்கும் பொட்டாசியமே எமன்.