பாறணையோடு முடிந்துவிடும் உணவுக்கட்டுப்பாடு

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு உடம்பு வைத்துவிட்டால் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை ஊரில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. கலியாண வீட்டுப் பந்தியிலும், செத்தவீட்டு முற்றத்திலும், கனடாவிலிருந்து வரும் காணொளி அழைப்பிலும் "என்ன பிள்ளை, நல்லாய்க் கொழுத்துப்போனாய்" என்ற வார்த்தை சுகம் விசாரிப்பதற்கு முன்னரே வந்து விழும். "வாயைக் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்ற வைத்தியமும் அதன் பின்னாலேயே வரும். அந்த வைத்தியத்தைப் பல வருடங்களாகப் பல பெயர்களில் செய்துபார்த்து, குறைந்த நிறையை ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பப் பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்களிடம் இல்லாதது மன உறுதி என்ற தீர்ப்பு எனக்கு உடன்பாடானதல்ல. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஏறிய நிறைக்கு முதலில் எனக்குச் சொல்லப்பட்டது கொள்ளுக் கஞ்சி. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இருக்கும்போது வேறு சான்று யாருக்கு வேண்டும்? கொள்ளு நல்ல உணவுதான். 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதமும் போதிய நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதே 100 கிராமில் 300க்கு மேற்பட்ட கலோரியும் உண்டு. உடம்பிலுள்ள கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. அதன்பின் ஒருநாள் பழம், மறுநாள் மரக்கறி என்று ஏழு நாளுக்கு அட்டவணை போட்டு ஓர் அமெரிக்க மோட்டார் நிறுவனத்தின் பெயரில் உலாவரும் முறை, சோறும் மா உணவும் விலக்கும் பேலியோ, கீட்டோ, பதினாறு மணிநேரம் சாப்பிடாமல் இருக்கும் முறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேலியோ இருந்த நாட்களில், நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி பறக்கக் கொட்டிய புட்டையும் மாம்பழத்தையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, குசினி வாங்கில் இரண்டு அவித்த முட்டையோடு உட்கார்ந்திருப்பேன். சமைப்பவளுக்கு உணவுக்கட்டுப்பாடு என்றால் என்ன என்பது, வேறொருவர் சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டு மெலிந்தவர்களுக்கு விளங்காது.

எல்லா முறையும் முதல் வாரத்தில் வேலை செய்தது. உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்புக் கரைய, நீரும் வெளியேறிவிடுகிறது. தராசு காட்டும் அந்த முதல் இரண்டு கிலோவில் பெரும்பகுதி இந்த நீர்தான். முகநூலில் "பத்தே நாளில்" என்று படம் போடுபவர்கள் அனைவரும் இந்தப் பருவத்தில் படம் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

மன உறுதிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் விரதத்துக்குக் குறைவில்லை. கந்தசஷ்டி 6 நாள், கேதாரகௌரி விரதம் 21 நாள், நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் மச்சம் அடுப்பில் ஏறாத வீடுகள், இவை தவிர வெள்ளிக்கிழமைகள். கந்தசஷ்டியில் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, வேலைக்கும் போய்வந்து, வீட்டிலுள்ளவர்களுக்கு மூன்று நேரமும் சமைத்துப் போடும் பெண்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது என்று சொல்ல எவருக்கும் நா எழாது. அப்படியிருந்தும் இவர்களிற் பலர் நிறையோடு என்னைப் போலவே மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே குறை வேறெங்கோ இருக்கிறது.

அந்தக் குறை, உணவுக்கட்டுப்பாட்டையும் நாங்கள் விரதமாகவே அனுட்டிப்பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். நல்ல நாள் பார்த்துத் தொடங்குகிறோம். இத்தனை நாள் என்று எல்லை வைக்கிறோம். அந்த நாட்களில் சோறு தீட்டுப் பொருளாகிவிடுகிறது. கந்தோரில் யாரோ பிறந்தநாளுக்கு நீட்டிய ஒரு ரோல்ஸைக் கடித்துவிட்டால் விரதம் முறிந்ததாகக் கருதி, அன்றைய மிச்சப் பொழுதையும் சேர்த்துக் கைவிடுகிறோம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் முடிவில் பாறணை. கடவுளுக்காகப் பிடிக்கும் விரதத்துக்குப் பாறணை இருக்கத்தான் வேண்டும். அதற்காகவே வைகறையில் எழுந்து அத்தனை கறியும் வைக்கிறோம். நிறைக்குப் பாறணை கிடையாது. எந்த உணவுமுறையை என்றைக்காவது முடித்துவிடுவேன் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறோமோ, அது முடியும் நாளில் நிறை திரும்பி வரத் தொடங்கும். (மச்சம் விலக்கினால் மெலியலாம் என்று நம்புவோருக்கு ஒரு வார்த்தை: கோயில் வீதியிற் கச்சானும் குளிர்களியும் இருக்கும்வரை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் என் நிறை குறைந்ததாக எனக்கு நினைவில்லை.)

அது திரும்பி வருவது சோம்பலினால் மட்டும் அல்ல. 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 ஆண்களைக் கொண்டு பட்டினி பற்றிய ஆய்வொன்றை நடத்தினார். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி கொடுக்கப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. உடல் நிறையில் ஏறத்தாழ காற்பங்கை இழந்த அந்த ஆண்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் சிந்திக்க முடியாதவர்களானார்கள். சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்த்துவைத்து வாசித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் உண்டார்கள். கொள்கைக்காகப் போரையே மறுத்த உறுதி படைத்தவர்களின் கதை இது. இணையத்தில் எங்கள் பெண்களுக்கு விற்கப்படும் அட்டவணைகள் பெரும்பாலும் 1,200 கலோரியில் நிற்கின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பசிக்கான விளக்கம் பின்னர்தான் கிடைத்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஓமோன் 1994 இலும், வயிறு சுரக்கும் கிரெலின் என்ற ஓமோன் 1999 இலும் கண்டறியப்பட்டன. கொழுப்பு குறையும்போது லெப்டினும் குறைந்து, உடம்புக்குப் பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை எண்ணிக்கொள்கிறது; பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. மெல்பேர்னில் பிரியா சுமித்திரனும் சக ஆய்வாளர்களும் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்து, 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழிந்த பின்னரும் இந்த ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் நிறை குறைப்புப் போட்டியொன்றிற் பங்குபற்றிய 14 பேரை ஆறு வருடங்களின் பின் பரிசோதித்து 2016 இல் வெளியான ஆய்வு இன்னும் கலக்கமூட்டுவது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அது போதாதென்று, சும்மா இருக்கும்போது அவர்களுடைய உடம்பு செலவிடும் சக்தி, அவர்களுடைய உடல்வாகுக்கு எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே அளவு சோறு சாப்பிட்டாலும் எனக்கு மட்டும் ஏறுகிறது என்று ஒருத்தி சொன்னால், அது சாட்டுச் சொல்வதாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை.

இப்போது பேசப்படும், கிழமைக்கு ஒருமுறை போடும் நிறை குறைப்பு ஊசிகளும் இந்தப் பசியின் மீதுதான் வேலை செய்கின்றன. செமகுளுடைட் என்ற மருந்து 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதமளவு நிறையைக் குறைத்ததாக 2021 இல் ஆய்வு வெளிவந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி மருத்துவ ஆலோசனை இல்லாமல் இதை வருவிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது முடிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஊசிக்கும் பாறணை கிடையாது.

"அந்தக் காலத்தில் யார் டயட் இருந்தார்கள், எல்லோரும் மெலிவாகத்தானே இருந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1990 இல் விழுந்த பொருளாதாரத் தடையின் கீழ் வளர்ந்தவள் நான். பெற்றோல் கிடையாது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒன்றிரண்டு பேர் அதை மண்ணெண்ணெயில் இருமவிட்டு ஓட்டினார்கள், மற்றவர்களுக்கெல்லாம் துவிச்சக்கரவண்டிதான். தண்ணீர் கிணற்றிலிருந்து கையால் அள்ளப்பட்டது. சீனி கிடைக்காத நாட்களிற் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். அந்த மெலிவு எவருடைய மன உறுதியினாலும் வந்ததல்ல. அதைப் பெருமையாகச் சொல்வதும் எனக்குப் பிடிப்பதில்லை; பசியோடு படுத்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

மெலிய வைத்தது சூழல் என்றால், இன்று கொழுக்க வைப்பதும் அதுதான். சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளிற் போகிறோம். தண்ணீரை மோட்டர் இறைக்கிறது. பின்னேரம் நான்கு மணிக்குப் பாணும் பணிசும் கறிப்பணிசும் ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டபடி வரும் முச்சக்கரவண்டி எங்கள் படலையில் வந்து நிற்கிறது. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு நான்கு முறை குடிப்பவருக்கு அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ 130 கலோரி சேர்கிறது. அதைச் செலவழிக்க அரை மணிநேரம் கைவீசி நடக்க வேண்டும். ஒரு நடுத்தரத் தேங்காயின் பருப்பில் 1,400 கலோரி வரை உண்டு. அது சொதியாகவும் பால்கறியாகவும் சம்பலாகவும் மூன்று நேரமும் எங்கள் கோப்பையிற் பரவியிருக்கும்போது, சோற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. சோடாப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் 2016 இலிருந்து இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்து வாங்கும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மெலிவாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2004 இல் இரண்டு மருத்துவ ஆய்வாளர்களின் படம் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. ஒருவர் பிரித்தானியர், மற்றவர் புனே நகரத்து நீரிழிவு மருத்துவர் யாஜ்னிக். உயரத்துக்கேற்ற நிறைச் சுட்டெண் இருவருக்கும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு பிரித்தானியருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தெற்காசிய உடம்பு கொழுப்பை வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிறது. அதனாற்றான் ஆசியர்களுக்கு அந்தச் சுட்டெண் 25 ஆகும்வரை காத்திராமல் 23 இலேயே கவனம் எடுக்கச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். கையும் காலும் ஈர்க்குப் போல இருந்து, சாரம் மட்டும் வயிற்றுக்குக் கீழே கட்டப்படும் மாமாமார்தான் என்னைக் கண்டால் அதிகம் அறிவுரை சொல்பவர்கள்.

பல தோல்விகளுக்குப் பிறகு எனக்கு உண்மையில் ஆறுதல் தந்தது அமெரிக்காவில் நீரிழிவைத் தடுப்பதற்காக நடத்தப்பட்டு 2002 இல் முடிவு வெளியான ஆய்வொன்று. நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு, உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் மட்டுமே இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வருவது அவர்களிடத்தில் 58 சதவீதத்தாற் குறைந்தது. பின்னர் அவர்களுக்கும் நிறை பெரும்பாலும் திரும்பி ஏறியது. ஆயினும் பத்து வருடங்களின் பின்னும் 34 சதவீதக் குறைவு மிஞ்சியிருந்தது. 80 கிலோ உள்ள ஒருவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு. ஊரார் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கலியாண வீட்டில் எவரும் "மெலிஞ்சிட்டாய்" என்று சொல்லப் போவதில்லை. இரத்தக் குழாய்க்கும் கணையத்துக்கும் அது தெரிகிறது. இதை ஒரு மருத்துவமனையிலும் எனக்கு எவரும் சொல்லவில்லை. அங்கே கிடைத்ததெல்லாம் "சோற்றைக் குறையுங்கோ, இருபது கிலோ இறக்க வேணும்" என்ற ஒற்றை வசனந்தான். வெளியே வரிசையில் நிற்பவர்களை எண்ணினால் அந்த மருத்துவரையும் நான் பெரிதாகக் குறைசொல்ல மாட்டேன்.

இப்போது வீட்டில் எவருக்கும் தனிச் சமையல் இல்லை. குத்தரிசிச் சோறு எனக்கும் உண்டு, அளவு கோப்பையால் ஒருமுறை. கீரையும் முருங்கையிலை வறையும் கோப்பையில் பாதி. சூடையோ பாரையோ பருப்போ நிச்சயம். சொதிக்கு இரண்டாம் பால் மட்டும். பலகாரம் வந்தால் ஒன்று சாப்பிடுகிறேன், அதற்காக மறுநாள் பட்டினி கிடப்பதில்லை. நிறை மிக மெதுவாக இறங்குகிறது, சில மாதம் அசைவதே இல்லை. இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனியின் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது.

எனக்குத் தடையாக இருப்பது நடைதான். விடியற்காலையில் பண்ணைக் கடற்கரையில் நடப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பேன். மாலையில் எங்கள் ஊர் வீதியில் நடைபாதை கிடையாது, விளக்குப் பாதி எரியாது, கட்டாக்காலி நாய்களுக்குக் குறைவில்லை. போதாததற்கு, வேகமாக நடக்கும் பெண்ணைப் படலைக்குப் படலை மறித்து "எங்கை அவசரமாய்?" என்று கேட்பார்கள். கிராமத்து விளையாட்டு மைதானம் இருட்டியதும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறு முதல் ஏழரை வரை, விளக்குப் போட்டு அதைப் பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிடும்படி எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பிரதேச சபைக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதியிருக்கிறோம். அதன் வாசகம் வேண்டுமானால் உள்பெட்டியிற் கேளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி உங்கள் சபைக்கும் கொடுக்கலாம்.