இருபத்தொரு நாளில் பொரிக்காத வாத்து முட்டை கூமுட்டை அல்ல

அடைகோழிக்கு அடியில் கோழி முட்டையோடு வைத்த வாத்து முட்டை 21 நாளில் பொரிக்காவிட்டால் அது கூமுட்டை, எறிந்துவிடலாம் என்று ஓர் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அம்பாசமுத்திரம் பக்கமும் பலர் இப்படி நம்புகிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். 21 நாள் என்பது கோழி முட்டையின் கணக்கு. நாட்டு வாத்துக்கு ஏறத்தாழ 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள் வரை ஆகும். எந்தப் பறவை அடைகாத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச் வெளிச்சத்தை வையுங்கள். அந்த முனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாகவும், மீதி இருண்டும், ஓரத்தில் இரத்த நாளங்களும் தெரிந்தால் உள்ளே குஞ்சு வளர்கிறது. சில நேரம் அசைவதும் தெரியும். முழுவதும் வெளிச்சம் ஊடுருவினால்தான் அது கருக்கூடாத முட்டை.

கோழிக்குஞ்சுகள் பொரித்ததும் தாய்க்கோழி அவற்றோடு எழுந்து போய்விடும். வாத்து முட்டைகள் குளிர்ந்து, உயிருள்ள கரு செத்துப்போகும். பிறகு உடைத்துப் பார்ப்பவர் கூமுட்டை என்றே முடிவு செய்கிறார். இரண்டும் சேர்த்து வைப்பதானால், நாட்டு வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னதாக வையுங்கள்.