கடலூர் ரோட்டை அகலப்படுத்துவது இருக்கட்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கடலூர் - பாண்டி சாலையில் ஒரு விபத்து நடந்தால் போதும், மறுநாள் காலைக்குள் நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கோரிக்கை வந்துவிடும். பாண்டி மரப்பாலத்தில் இருந்து தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற முள்ளோடை வரைக்கும் நாலு வழிச் சாலை போடணும். இந்த வாரமும் வந்தது. வேண்டாம் என்று நான் ஒரு வரி எழுதியதற்கு, "சார் வண்டியே ஓட்டறதில்ல போல" என்று ஒரு தம்பி கிண்டல் செய்திருந்தார். ஓட்டுகிறேன் தம்பி. பைக்கிலும் போகிறேன், பஸ்ஸிலும் போகிறேன், அதனால்தான் சொல்கிறேன். அங்கே எழுத இடம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், நாலு வழிச் சாலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. விழுப்புரம் - நாகப்பட்டினம் திட்டத்தில் புதுச்சேரியில் இருந்து பூண்டியாங்குப்பம் வரை 38 கிலோமீட்டர், செலவு 1,588 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி வந்து திறந்து வைத்தார். சிதம்பரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகிற லாரிகள் அரியாங்குப்பம், தவளக்குப்பம் கடைத்தெருவில் நுழைய வேண்டிய அவசியம் இனி இல்லை. கடலூர் டவுனுக்குள்ளும் வர வேண்டாம்.

அப்படியென்றால் பழைய ரோட்டில் மிச்சம் யார்? நாம்தான். நேரு வீதிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற ரெட்டிச்சாவடிப் பெண்கள், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்கள், காட்டுக்குப்பம் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற வயசானவர்கள். தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே பாதையில், இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் போய்த் திரும்புகிற கூட்டம். பஸ் விடுவதற்கு இதைவிடத் தோதான பாதை இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

"அதான் பஸ் நிறைய ஓடுதே" என்பீர்கள். ஓடுகிறது, மறுக்கவில்லை. பகலில் பாண்டிக்கு பஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். புறப்பட வேண்டிய நேரம் தாண்டியும் தனியார் பஸ் வெளியேறும் வாசலில் இஞ்ச் இஞ்ச்சாக உருண்டுகொண்டிருக்கும். கண்டக்டர் படியில் தொங்கியபடி "பாண்டி பாண்டி பாண்டி" என்று கூவிக்கொண்டிருப்பார். பின்னால் அடுத்த டைமிங்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டான். பிறகு இறங்கி வந்து சண்டை. "என் டைமுக்கு நீ ஏண்டா ஆள் ஏத்துற?" மஞ்சக்குப்பம் தாண்டி ஆல்பேட்டை வரை நடை வேகம். பெண்ணையாற்றுப் பாலம் ஏறியதும் கதை மாறும். பின்னால் வருகிறவன் முந்திவிடக் கூடாது, அவ்வளவுதான். எதிரே வருகிற பைக்காரன் மண்ணில் இறங்கித்தான் உயிர் பிழைக்க வேண்டும். நிறுத்தத்தில் பாஸ் வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் நின்றால் வண்டி நிற்காது. "பின்னாடி வண்டி வருது" என்று ஒரு கை ஆட்டல்.

டிரைவரையும் கண்டக்டரையும் மட்டும் திட்டிப் பயனில்லை. கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான் அவர்களுக்குப் படி. ரோட்டில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் இன்னொரு பஸ்காரன் கைக்குப் போகக்கூடிய காசு. இந்த முறையை வைத்துக்கொண்டு ரோட்டை நாலு வழியாக்கினால் என்ன நடக்கும்? இதே பந்தயம் இன்னும் அகலமாக நடக்கும்.

அப்புறம் இரவு. நேரு வீதியில் கடை சாத்தி, கணக்கு முடித்து, சேலையை மடித்து வைத்துவிட்டு அந்தப் பெண்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது ஒன்பதரை தாண்டிவிடும். பகலில் ஒன்றையொன்று துரத்திய பஸ்கள் அப்போது எங்கே போகுமோ தெரியாது. கூட்டம் இல்லை என்றால் கடைசி டிரிப்பை வெட்டிவிடுகிறார்கள். கேட்க ஆள் இல்லை. சென்னையில் இருந்து வருகிற தூரத்து பஸ்ஸில் ஏறலாம் என்றால், "ரெட்டிச்சாவடி நிக்காதும்மா" என்று படியிலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா தவணையில் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தது இதனால்தான். அவருக்கு ஸ்கூட்டி மேல் ஆசையுமில்லை, கையில் காசுமில்லை. மகள் ராத்திரி பத்து மணிக்கு நடுரோட்டில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது அவளும் காலை நெரிசலில் ஒருத்தி. முருங்கப்பாக்கத்தில் நாம் மாட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற வண்டிகளைத் திட்டுகிறோமே, அதில் எத்தனை வண்டிகள் இப்படி வந்தவை என்று யோசித்துப் பாருங்கள்.

அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை நன்றாக்கி 2002-ல் சுங்கம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். சென்னையில் இருந்து சல்லென்று வந்துவிடலாம் என்றானது. சனிக்கிழமை சாயங்காலம் பாண்டி பீச் ரோடு பக்கம் ஒரு சைக்கிளை நிறுத்த இடம் தேடிப் பாருங்கள், தெரியும். அமெரிக்கப் பெருநகரங்களில் சாலை எந்த அளவுக்குக் கூடியதோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடியது என்று டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம்ம ஊருக்கு அது அப்படியே பொருந்துமா என்று கேட்டால், முள்ளோடைக்கு வாருங்கள். எல்லை தாண்டிய உடனே சாராயக் கடைகள், பார்கள், தமிழ்நாட்டை விடக் குறைந்த விலையில் பெட்ரோல். சனி, ஞாயிறு அந்த இடத்தில் ரோட்டின் இரண்டு ஓரமும் வண்டி நிறுத்துமிடம்தான். அங்கே இன்னும் இருபது அடி அகலம் கொடுத்தால் அந்த இருபது அடியும் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாண்டிக்குள் இந்திரா காந்தி சதுக்கத்தில் இருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை மேம்பாலத்துக்கும் அதே 2025 அக்டோபர் விழாவில் அடிக்கல் நாட்டினார்கள். 3.88 கிலோமீட்டர், 436 கோடி. கிலோமீட்டருக்கு நூறு கோடிக்கு மேல் வருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை; அந்த இரண்டு சிக்னலும் என்ன பாடு படுத்தும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கடலூரில் இருந்து வந்து பஸ் ஸ்டாண்டிலோ நேரு வீதியிலோ இறங்குகிறவர் அந்தப் பாலத்தில் ஏறவே போவதில்லை. வேலை நடக்கிற காலம் முழுக்க திருப்பிவிடப்படும் வண்டிகளை மட்டும் அவர் அனுபவிப்பார்.

ரயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சொல்ல அதிகம் இல்லை. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாக சென்னை - கடலூர் புதிய பாதைக்கு 2008-09-ல் அனுமதி கிடைத்தது. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே இதுவரை ஒரு தண்டவாளமும் விழவில்லை. இன்றைக்கும் ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் விழுப்புரம் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தருவது எல்லை. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸுக்கு மட்டும் கன்னியக்கோயில் பக்கத்தில் இன்னும் வேறு நாடு ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் ஓடும் பஸ்ஸுக்கு இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, எத்தனை பெர்மிட் என்று முடிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் பெர்மிட்டை எண்ணிப் பிரித்துக்கொள்வதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழக பஸ், புதுச்சேரி அரசின் பி.ஆர்.டி.சி. பஸ், தனியார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கால அட்டவணை ஒட்டியிருப்பதை நான் எந்த நிறுத்தத்திலும் பார்த்ததில்லை. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம். ஆனால் பாண்டியில் வேலை பார்க்கிற கடலூர்ப் பெண், தனியார் பஸ்ஸில் போக வர டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஜிப்மர் போகிறவர் பெரும்பாலும் பாண்டியில் இறங்கி, ஃபைலையும் சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு கோரிமேட்டுக்கு வேறு பஸ் தேட வேண்டும். விடிகாலையில் கடலூரில் இருந்து நேராக ஜிப்மர் வாசலுக்குப் போகிற மாதிரி சில பஸ்கள் விட என்ன பெரிய தடை?

சாலைப் பணியே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. தவளக்குப்பத்தில் பஸ் ஒதுங்க இடமில்லாமல் நடு ரோட்டில் நிற்கிறது. ஓரத்தில் ஆட்டோ, அதற்கு உள்ளே தள்ளுவண்டி. குழந்தையோடு இறங்குகிற பெண்ணுக்கும் கடைக்கும் நடுவே இடது பக்கம் பைக் புகுந்து போகிறது. அங்கே பஸ் ஒதுங்கும் இடமும், நடைபாதையும், வெளிச்சமும் வேண்டும். 2024-ல் ஃபெஞ்சல் புயலில் பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது இந்த ரோட்டில் போக்குவரத்தே நின்றது. பாலங்களையும் வடிகாலையும் பலப்படுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? செலவு செய்கிற காசு, நிற்கிற ஆளுக்கும் நடக்கிற ஆளுக்கும் முதலில் போகட்டும் என்கிறேன்.

பஸ்ஸில் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. அவர்கள் காரிலேயே வரட்டும். மற்றவர்கள் பஸ்ஸுக்கு மாறினால் அவர்களுக்கும் ரோடு காலியாகும்.

ஒரே ஒரு காரியம் செய்து பார்க்கலாம். பாண்டியில் இருந்து கடலூருக்கு இரவு 9.45, 10.15, 10.45 என்று மூன்று அரசு பஸ்கள். எல்லா நிறுத்தத்திலும் நிற்க வேண்டும், ஒருத்தர் கை காட்டினாலும் நிற்க வேண்டும். நேரத்தை நிறுத்தங்களில் பெயின்டால் எழுதி வையுங்கள். கலெக்‌ஷன் வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், நானே வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் முதல் வாரமே காலி வண்டி ஓடுகிறது என்று வெட்டக் கூடாது. நேரத்தை மாற்றாமல், ஒரு டிரிப்பையும் விடாமல், ஆறு மாசம் ஓட்டிவிட்டு அப்புறம் கணக்கைக் காட்டுங்கள்.