தாக்கல் ஆன பிறகு வரும் நகலால் என்ன பயன்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்திடம் காப்புரிமைக்கு உரிமம் வாங்குவோர் ராயல்டி சதவீதத்தைப் பார்த்தாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. காப்புரிமை அலுவலகத்தில் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஆவணங்களை, தாக்கலுக்கு முன் உரிமம் பெறுபவர் பார்க்கும் உரிமையை 'வழக்கமான ஷரத்து' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

விண்ணப்பத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஆட்சேபணை அனுப்பினால் பதில் தரப் பொதுவாக 3 மாதம். கட்டணம் கட்டினால் 6 மாதம் வரை இழுக்கலாம். அந்தப் பதிலில்தான் பல நேரம் உரிமைக்கோரல் (எதுவரை நம் தனியுரிமை என்று சொல்லும் பகுதி) சுருங்குகிறது. 'உலோகத் தகடு' என்று இருந்தது 'அலுமினியத் தகடு' ஆகிவிடும். விட்டுக்கொடுத்ததை, 'இதுவும் அதற்குச் சமம்தான்' என்று வாதாடி மீட்பது சுலபமில்லை. 2002-ல் ஃபெஸ்டோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் அதுவே. போட்டியாளர் தாமிரத்தில் செய்து விற்பார், ராயல்டி கட்டுபவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

ஆகவே அந்தப் பதிலின் வரைவு எத்தனை நாள் முன்னதாக வர வேண்டும் என்பதை எண்ணிலேயே எழுதி வாங்குங்கள். கெடுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மின்னஞ்சலில் வந்தாலும் அது 'தாக்கலுக்கு முன்' தானே! இறுதி முடிவு பல்கலைக்கழகத்திடமே இருக்கட்டும். ஆனால் வக்கீல் செலவைப் பெரும்பாலும் உரிமம் பெறுபவர் தலையில்தான் கட்டுகிறார்கள். அவர் கருத்தைப் பரிசீலிக்கும் கடமையாவது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டாமா?

இன்னொன்று, கட்டுரை தொடாதது. ஏதாவது ஒரு நாட்டில் விண்ணப்பத்தைக் கைவிடப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தால், முன்கூட்டியே சொல்லி, நாமே செலவழித்துத் தொடர வழிவிடும் ஷரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.